பொது சுகாதாரத்தை அலைடு பாடமாக்குங்கள்: பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும், தன்னாட்சிக் கல்லூரிகளின் கல்விக் குழுவினருக்கும், தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தினருக்கும்,

வணக்கம்.

நான் ஓர் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியை. எனக்கு வரும் வகுப்புகளில் பெரும்பகுதி அலைடு வகுப்புகள்தான். விலங்கியல் மாணவர்கள், பொருளியல் மாணவர்கள், கணினி அறிவியல் மாணவர்கள் என்று எல்லோரும் தங்கள் முதன்மைப் பாடத்துக்குத் துணையாகப் படிக்க வேண்டிய பாடத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொது சுகாதாரத்தை இரண்டு பருவம் நடக்கும் ஒரு முழு அலைடு பாடமாகக் கொண்டுவாருங்கள். எந்தத் துறை மாணவரும் அதை எடுக்க முடிய வேண்டும். தமிழில் படித்துத் தமிழிலேயே தேர்வு எழுத முடிய வேண்டும். கள வேலைக்குச் செய்முறைத் தேர்வு போல மதிப்பெண் இருக்க வேண்டும்.

எங்கள் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகளை உங்களுக்குத் தெரியும். பிளஸ் டூவில் உயிரியல் படித்து, மருத்துவமும் கிடைக்காமல் நர்சிங்கும் கிடைக்காமல், விலங்கியலிலோ தாவரவியலிலோ சேர்ந்தவர்கள் ஒவ்வொரு ஆண்டும் வருகிறார்கள். மக்களின் உடல்நலத்தோடு தங்களுக்கு இனி எந்தத் தொடர்பும் இல்லை, அந்தக் கதவு மூடிவிட்டது என்று முதல் ஆண்டிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். வரலாறு, வணிகவியல் படிக்க வந்தவர்களுக்கோ அப்படி ஒரு கதவு இருந்ததே தெரியாது. இந்த இரண்டு நினைப்பும் தவறு என்று தமிழ்நாட்டின் சொந்த அனுபவமே சொல்கிறது.

மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2018 முதல் 2020 வரையான காலத்தில் இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். 2020-ல் ஆயிரம் உயிருள்ள பிறப்புகளுக்கு நாட்டின் சிசு மரண விகிதம் 28, நம்முடையது 13. இந்த வித்தியாசத்தை அறுவை அரங்குகள் மட்டும் உண்டாக்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவிலேயே முன்னோடியாக 1939-ல் மதராஸ் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. மருத்துவமனைகளைக் கவனிக்க ஒரு துறை, நோய் வராமல் பார்க்க இன்னொரு துறை என்று நிர்வாகத்தைப் பிரித்து வைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். வீடு வீடாக நடக்கும் கிராம சுகாதார செவிலியர், சத்துணவு ஆயா, மருந்து வாங்கி மாவட்டங்களுக்கு அனுப்பும் கழகத்தின் கணக்காளர், ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஏன் நடந்தது என்று ஆராய உட்காரும் மாவட்ட ஆட்சியர் என்று பலரும் சேர்ந்து செய்த வேலை அது. இவர்களில் எம்.பி.பி.எஸ். படிக்காதவர்கள்தான் அதிகம்.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வை என் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். 1956-ல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் சேர்த்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து, மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. நம் நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அத்தனை படுக்கைகள் கனவிலும் கிடையாது. அதனால் சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக, யார் எதில் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்துப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியம். இன்னொரு பிரிவுக்கு, நெருக்கடியான அதே வீட்டில் இருந்தபடியே அதே மாத்திரைகள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு பிரிவிலும் குணமானவர்களின் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. அப்படியும் மருந்து வேலை செய்தது. வீட்டில் நோயாளியை வைத்திருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை என்பதும் தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. 1959-ல் முடிவுகள் வெளியாயின. அதன்பின் உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்தது.

இந்த ஆய்வில் டாக்டர்கள் மட்டுமா இருந்தார்கள்? குலுக்கலை வடிவமைக்கப் புள்ளியியலாளர் வேண்டியிருந்தது. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் டப்பாவில் மீதி மாத்திரையை எண்ணிப் பார்க்க ஆட்கள் வேண்டியிருந்தது. மருந்து உண்மையிலேயே உள்ளே போகிறதா என்று சிறுநீரைச் சோதிக்க ஆய்வகத்தில் வேதியியல் தெரிந்தவர் வேண்டியிருந்தது. சாப்பாட்டை அளந்து எழுத வேண்டியிருந்தது. தன் பாடம் இதில் எங்கே வருகிறது என்பதை நான் சொல்லாமலேயே ஒவ்வொரு துறை மாணவரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நிகழ்தகவு சொல்லித்தர ஒரு பையில் ஐந்து சிவப்புப் பந்து, மூன்று வெள்ளைப் பந்து என்று பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தக் கணக்கில் வராத கவனம், இந்தக் குலுக்கலைச் சொல்லும்போது வகுப்புக்கு வருகிறது.

அப்புறம் டெங்கு. விலங்கியல் மாணவர் ஏடிஸ் கொசுவை ஸ்லைடில் பார்த்து, அதன் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து, பாகம் குறித்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார். முட்டை தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலேயே மாதக்கணக்கில் தாங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் தெருவில் இறங்கி 100 வீடுகளைப் பார்த்து, எத்தனை வீட்டில் புழு இருக்கிறது என்று எண்ணினால் அதுவே வீட்டுக் குறியீடு என்பதும், புழு இருக்கும் பாத்திரங்களை எண்ணி 100 வீட்டுக்கு எத்தனை என்று கணக்கிட்டால் அது இன்னொரு குறியீடு என்பதும் அவருக்குச் சொல்லப்படவில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும், இரண்டையும் போட்டுவிடலாம். சரி, எண்ணியாகிவிட்டது. அந்த வீட்டில் ஏன் அத்தனை குடமும் டிரம்மும் சிமென்ட் தொட்டியும் இருக்கின்றன? குழாயில் சில நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வருகிறது, அதனால் பிடித்து வைக்கிறார்கள். இந்த இடத்தில் விலங்கியல் முடிந்து பொருளியலும் உள்ளாட்சி நிர்வாகமும் ஆரம்பிக்கின்றன. எந்த வார்டுக்குத் தினமும் தண்ணீர் வருகிறது, எந்த வார்டுக்கு வருவதில்லை, யார் தீர்மானிக்கிறார்கள் என்று அரசியல் அறிவியல் மாணவர் கேட்க வேண்டும். தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள் என்று சொல்லிவிட்டு வருவது சுலபம். கழுவிக் கொட்டிய தண்ணீருக்குப் பதில் தண்ணீர் எப்போது வரும் என்று அந்த வீட்டு அம்மா கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்களாக நம் பட்டதாரிகள் இருக்க வேண்டும். இந்த ஒரு நோயை வைத்தே நான்கு துறை மாணவர்களை ஒரு பருவம் முழுக்கச் சேர்ந்து வேலை செய்ய வைக்கலாம்.

எண்களைப் படிக்கத் தெரிவது பற்றியும் சொல்ல வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவைச் சிகிச்சை மூலம் நடந்ததாகப் பதிவாகியிருக்கிறது. தனியார் மருத்துவமனைகளில் 64, அரசு மருத்துவமனைகளில் 36. இதை ஒரு வகுப்பில் எழுதிப் போட்டேன். "மேடம், இது நல்லதா கெட்டதா?" என்று ஒரு மாணவி கேட்டார். ஒரு பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. ஒரு மக்கள்தொகையில் அறுவைப் பிரசவம் 10 சதவீதத்தைத் தாண்டிய பின், அது மேலும் கூடுவதால் தாய் சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னதை அவர்கள் முன்னால் வைத்தேன். தனியாரில் தேவையில்லாமல் கத்தி வைக்கிறார்கள் என்று உடனே ஒருவர் முடிவுக்கு வந்தார். அதற்குள் இன்னொருவர், சிக்கலான கேஸ்களைக் கடைசி நேரத்தில் அரசு மருத்துவமனைக்குத்தானே அனுப்புகிறார்கள், அப்படியானால் அங்கேதான் அதிகமாக இருக்க வேண்டும், ஏன் இல்லை என்று கேட்டார். நல்ல நாள் நட்சத்திரம் பார்த்துத் தேதி குறிக்கும் குடும்பங்கள், காப்பீட்டுப் பணம், இரவுப் பணிக்கு ஆள் இல்லாத சிறிய மருத்துவமனை, வலியைப் பற்றிய பயம் என்று பேச்சு நீண்டது. முடிவு கிடைக்கவில்லை, கிடைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு சதவீதத்தைப் பார்த்ததும் அதற்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் பழக்கம் வந்தது. இன்னும் சில ஆண்டுகளில் அந்த மாணவிகளில் பலர் பிரசவ அறைக்குப் போகப்போகிறவர்கள், அல்லது உடன் போகப்போகிறவர்கள். அங்கே ஒரு கையெழுத்துக் கேட்கப்படும்போது என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

வேதியியல் மாணவர்களுக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரியின் ஃபுளோரைடு தண்ணீரும், அதற்காகவே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் இருக்கின்றன. புவியியல் மாணவர்களுக்கு 2020 கோடையில் கோயம்பேடு சந்தையிலிருந்து அரியலூருக்கும் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் தொற்று போன பாதை இருக்கிறது. வணிகவியல் மாணவர்களுக்கு 2021-ல் நம் சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் இருக்கிறது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே விற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றது அது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பின் மருத்துவரிடம் போவது சிகிச்சை. நாற்காலி போட வைப்பது பொது சுகாதாரம். நாளைக்கு ஒரு கடையின் மேலாளராகப் போகிற நம் பி.காம். மாணவர் அந்த நாற்காலியைப் போடுவாரா, போட்டாலும் உட்கார விடுவாரா என்பதில் நம் வகுப்பறைக்கும் பங்கு உண்டு.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். சுற்றுச்சூழல் கல்விக்கு நேர்ந்தது இதற்கும் நேர்ந்துவிடக் கூடாது. 1991-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, பின்னர் மீண்டும் வலியுறுத்தி, பல்கலைக்கழக மானியக் குழு ஒரு பாடத்திட்டம் வகுத்து, எல்லா இளநிலை மாணவர்களுக்கும் அது கட்டாயமானது. அந்தப் பாடத்திட்டத்தில் கள வேலைக்கும் இடம் இருந்தது. பல கல்லூரிகளில் இன்று அது என்னவாக இருக்கிறது? முதன்மைப் பாடங்களுக்கு வெளியே, பகுதி நான்கில் வாரம் இரண்டு மணி நேரம். பாடவேளை மீதமிருக்கிற ஆசிரியர் யாராக இருந்தாலும் எடுக்கலாம். தேர்வுக்கு முந்தின நாள் ஒரு கையேடு. அந்தப் பாடத்தின் மீது அக்கறை உள்ள ஆசிரியர்கள்கூட இந்த ஏற்பாட்டுக்குள் ஒன்றும் செய்ய முடியவில்லை. பொது சுகாதாரத்தையும் எல்லோருக்கும் கட்டாயமாக்கி, இரண்டு கிரெடிட் கொடுத்து, கை கழுவும் முறையையும் சரிவிகித உணவையும் ஐந்து அலகாகப் பிரித்து அனுப்பிவிடாதீர்கள். அப்படி வருவதைவிட வராமலே இருக்கலாம். விருப்பமுள்ள மாணவர்கள் எடுக்கட்டும், எடுத்தவர்கள் முழுதாகப் படிக்கட்டும்.

அதேபோல, விழிப்புணர்வு என்ற பெயரில் பேரணி, உறுதிமொழி, கோலப்போட்டி நடத்திப் படம் எடுத்து அனுப்புவதைக் களப்பணி என்று எழுதிவிட வேண்டாம். அந்த நிகழ்ச்சிகள் நடக்கட்டும், அதற்கு மதிப்பெண் வேண்டாம். களம் என்றால் கல்லூரிக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி, குடிநீர்த் தொட்டி, இறைச்சிக் கடை, துப்புரவுப் பணியாளர்கள் காலையில் கையெழுத்திடும் அலுவலகம். மாணவர் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். கண்டதை நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டை விலங்கியல் ரெக்கார்டு போலவே புறத்தேர்வாளர் திருத்த வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏற்கெனவே ஏழு நாள் சிறப்பு முகாமும் தத்தெடுத்த கிராமமும் இருக்கின்றன. அந்த முகாமை இந்தப் பாடத்தோடு இணைத்தால் புதிதாகப் பணம்கூட அதிகம் வேண்டியதில்லை. இரண்டு எல்லைகளை மட்டும் விதியாகவே எழுதிவிடுங்கள். நோயாளிகளின் பெயரோ நோயோ மாணவர் நோட்டில் வரக்கூடாது. கொசு ஒழிப்புக்கும் கணக்கெடுப்புக்கும் சம்பளமில்லாத ஆட்களாக மாணவர்களை யாரும் பயன்படுத்தக் கூடாது.

இதை யார் நடத்துவது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. எம்.பி.பி.எஸ். படித்தவர்தான் எடுக்க வேண்டும் என்று விதி வைத்தால் எந்தக் கல்லூரியிலும் இது தொடங்காது. புள்ளியியல், விலங்கியல், பொருளியல், சமூகப்பணித் துறைகளிலிருந்து இரண்டு மூன்று ஆசிரியர்கள் பகிர்ந்து எடுக்கலாம். அவர்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி வேண்டும். சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் 1964-லிருந்து சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் இருக்கிறது. வேலூரில் கிராமங்களோடு பல பத்தாண்டுகள் வேலை செய்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவர்களிடம் உயர்கல்வித் துறை கேட்டால் மறுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்புறம், வட்டார மருத்துவ அலுவலரும் சுகாதார ஆய்வாளரும் கிராம சுகாதார செவிலியரும் பருவத்துக்குச் சில வகுப்புகள் வந்து பேச வேண்டும். அவர்களுக்கு அதற்கான மதிப்பூதியம் தர வேண்டும். இருபது ஆண்டுகள் ஒரு துணை சுகாதார நிலையத்தில் இருந்த செவிலியர், தடுப்பூசிக்குத் தயங்கும் ஒரு மாமியாரிடம் எப்படிப் பேசினார் என்று சொல்வது எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

பாடநூல் தமிழில் வேண்டும் என்பதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். எங்கள் மாணவர்களில் பலர் அவர்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாயில் பஸ் செலவையும் புத்தகச் செலவையும் சமாளித்துப் படிக்கும் பெண்கள் அவர்களில் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்தால் அந்த அறிவு அன்று மாலையே ஒரு வீட்டுக்குள் போகிறது. அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை ஏன் தலைவலி இல்லாத நாளிலும் வேண்டும், இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு ஏன் விழுங்கக் கூடாது என்று அங்கே பேச வேண்டிய மொழி தமிழ். நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அந்தப் பாதி எங்கள் வகுப்பு பெஞ்சுகளிலும் உட்கார்ந்திருக்கிறது.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்த அலைடு படித்ததால் மட்டும் யாரும் சுகாதார ஆய்வாளர் ஆக முடியாது, அதற்குத் தனிப் படிப்பும் தகுதியும் உண்டு. சான்றிதழில் அப்படி ஒரு மாயையை உண்டாக்கிவிடாதீர்கள். ஆனால் முதுநிலையில் பொது சுகாதாரம், சமூகப்பணி, மக்கள்தொகையியல், மருத்துவமனை நிர்வாகம் படிக்க நினைப்பவருக்கு இது அடித்தளம். குரூப் தேர்வு எழுதி வட்டார வளர்ச்சி அலுவலகத்திலோ நகராட்சியிலோ உட்காரப்போகிறவருக்கு இது தினசரி வேலையில் உதவும். செய்தித்தாளில் வேலைக்குப் போகிறவருக்கு, அடுத்த தொற்று வரும்போது எந்த எண்ணைத் தலைப்பில் போடலாம், எதைப் போடக் கூடாது என்று தெரிந்திருக்கும்.

மற்ற இடங்களிலும் இதைச் செய்திருக்கிறார்கள். மருத்துவம் படிக்காத இளநிலை மாணவர்களுக்கும் பொது சுகாதாரக் கல்வி கிடைக்க வேண்டும் என்று அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2003-ல் பரிந்துரைத்தது, அங்கே பல கல்லூரிகளில் இது மைனர் பாடமாக, அதாவது துணைப் பாடமாக, நடக்கிறது. மேஜர், மைனர் என்ற சொற்கள் தேசியக் கல்விக் கொள்கையோடு சேர்ந்து வந்ததால் நம் மாநிலத்தில் அதைப் பற்றித் தயக்கம் இருப்பது எனக்குத் தெரியும். அந்த விவாதத்துக்குள் போகவே வேண்டியதில்லை. நம்மிடம் அலைடு என்ற ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. மூன்றாம், நான்காம் பருவங்களில் வரும் இரண்டாவது அலைடு இதற்குச் சரியான இடம். இதன் முதல் பருவத்தில் எண்ணுவதும் ஒப்பிடுவதும் நோய் பரவும் விதமும் வரட்டும். அடுத்த பருவத்தில் தண்ணீர், உணவு, வேலையிடம், வெயில், சட்டம், பணம் வரட்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு களச் செய்முறைத் தாள். மொத்தக் கிரெடிட்டில் ஒன்றும் கூட வேண்டியதில்லை.

எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே ஆண்டில் தொடங்கச் சொல்லவில்லை. மண்டலத்துக்கு இரண்டு கல்லூரிகள், அதில் ஒன்றாவது சிற்றூர்க் கல்லூரியாக இருக்கட்டும். மூன்று ஆண்டு நடத்திப் பார்த்து, மாணவர்களிடமும் அந்தந்த ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களிடமும் கேட்டு, தேவையானதைத் திருத்துங்கள். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கல்லூரியில் நான்கு துறை ஆசிரியர்கள் சேர்ந்து இரண்டு பருவத்துக்கான மாதிரிப் பாடத்திட்டத்தையும் களக் குறிப்பேட்டின் வடிவத்தையும் தமிழில் எழுதி முடித்திருக்கிறோம். குழு அழைத்தால் அதை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறோம்.

அன்புடன்,
புள்ளியியல் ஆசிரியை ஒருவர்